வைக்கோலிலிருந்து தொடங்குவோம்

டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சில்லை இது. இன்னொரு டீ சொல்லிவிட்டே உட்காருவோம். ஒன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு இயற்கை விவசாயத்தில் ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு நில உடைமையின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. நம் விவசாயம் பெரும்பாலும் சின்னக் குடும்பங்களின் கையில்தான் இருக்கிறது.

கேட்கிறவர்கள் உடனே மூட்டைக் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். நான் வைக்கோலிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

1966இல் வந்த ஐ.ஆர்.8 நெல் ஏன் குட்டையாக இருந்தது? பழைய நெட்டை நெல்லுக்கு யூரியா போட்டால் மளமளவென்று வளர்ந்து, கதிர் பிடித்ததும் சாய்ந்துவிடும். குட்டைப் பயிர் அத்தனை உரத்தையும் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். மகசூல் கூடியது, பஞ்ச பயம் இருந்த காலத்தில் அது பெரிய காரியம், மறுக்கவே மாட்டேன். ஆனால் வைக்கோல் குறைந்தது. டிராக்டரும் வந்தது. மாடு கொட்டிலை விட்டுப் போக, எருவும் கூடவே போனது. அப்புறம் உரம் கடையில், மருந்து கடையில், விதையும் கடையில். பெரிய பண்ணைக்காரர் ஒரு போகம் பொய்த்தாலும் தாங்குவார். ஒன்றரை ஏக்கர்க்காரர் வீட்டில் தாலிக்கொடி அடகுக்குப் போகும்.

இப்போது தலையெடுக்கிற குடும்பங்கள் இதைத்தான் திருப்பிப் போடுகின்றன. பழைய நெல் ரகமான காட்டுயானம் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். மாப்பிள்ளைச் சம்பாவும் நெட்டைதான். நெல் கொஞ்சம் குறைந்தாலும் மாட்டுக்கு வைக்கோல் தாராளம். ஒரு மாடு இருந்தால் ஜீவாமிர்தம் வீட்டிலேயே ஆகிவிடும். பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. இவற்றை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து நிழலில் வைத்து, காலையும் மாலையும் கிளறிவிட்டால் இரண்டு நாளில் தயார். ஏக்கருக்கு அது போதும். சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை இது.

இதை உரம் என்று நினைத்து ஊற்றி ஏமாந்தவர்கள் உண்டு. ஜீவாமிர்தம் மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்குகிறது. அந்த உயிர்களுக்குத் தின்ன மக்கு வேண்டாமா? அதனால்தான் நடவுக்கு முன்பே தக்கைப்பூண்டோ சணப்போ பசுந்தாள் உரமாக விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழச் சொல்கிறார்கள். அதைச் செய்யாமல் டிரம்மை மட்டும் கிளறிப் பயனில்லை.

விதை விஷயத்திலும் இதே வீட்டு வழிதான். நெல் தன் பூவிலேயே கருக்கொள்கிற பயிர். வயலில் வேற்றுக் கதிர்களைப் பார்த்துப் பார்த்துப் பறித்துவிட்டால், வீட்டு நெல்லே அடுத்த போகத்துக்கு விதை. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரின் தூண்டுதலால் விதை தேடிக் கிளம்பிய நெல் ஜெயராமன், 2006 முதல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். வருகிறவருக்கு இரண்டு கிலோ விதை இலவசம். மறு வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018இல் அவர் காலமானார். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் மீட்டெடுத்த ரகங்கள் நூற்றுக்கும் மேலே.

கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். யூரியாவை நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று போகம் விளைச்சல் விழலாம். கடனில் இருக்கிறவர் மொத்த நிலத்தையும் ஒரே வருஷத்தில் மாற்றக் கூடாது. கால் ஏக்கரில் ஆரம்பித்து, வீட்டுச் சாப்பாட்டுக்கு விளைந்தால் போதும் என்று இருக்கலாம். களைக்கொல்லி இல்லாத வயலில் குனிந்து களை எடுப்பது பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தது விற்பனை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்னரகம், பொதுரகம் என்று இரண்டே விலை. கருப்புக் கவுனி மாதிரிப் பழைய ரகங்களுக்கென்று தனி விலை கிடையாது. அரிசியாக்கி நேரே விற்றால்தான் கட்டுப்படியாகும். ஆனால் பெரிய ஆலையில் ஐந்து மூட்டை நெல்லைக் கொடுத்து, அதே நெல்லின் அரிசியை வாங்கி வருவது கஷ்டம். இயற்கை வேளாண்மைக்குத் தமிழ்நாடு அரசு 2023இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்த அக்கறை நாலைந்து ஊருக்கு ஒரு சின்ன அரவை ஆலை, நெல் காய வைக்க ஒரு களம் என்று இறங்கி வர வேண்டும். இடம் பஞ்சாயத்து தரலாம், நடத்துவதை மகளிர் குழு பார்த்துக்கொள்ளும்.