முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுவோர் கவனத்திற்கு



வளைகுடாவில் சம்பாதித்த பணத்திலோ, தொழிற்சாலையில் ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையிலோ மாடி கட்டி, முதன்முறையாக வாடகைக்கு விடும் குடும்பங்கள் நம் மஹல்லாவில் பல உண்டு. அவர்கள் நம்மிடம் கேட்பவை இரண்டு. யாருக்கு விடுவது? நாய், பூனை வைத்திருப்பவரிடம் கூடுதல் பணம் வாங்கலாமா?

முதல் கேள்விக்கு வருவோம். பெயரைச் சொன்னதுமே "வீடு இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் நம்மில் அநேகர். அந்த வேதனை தெரிந்த நாம், மதமும் மொழியும் ஊரும் பார்த்து அடுத்தவருக்குக் கதவை மூடலாகாது. விசாரிக்க வேண்டியவை வேறு. என்ன வேலை, எத்தனை பேர் தங்குவார்கள், வாடகை அவர் வருமானத்துக்குள் அடங்குமா, முந்தைய வீட்டை ஏன் காலி செய்கிறார் என்று கேளுங்கள். வருபவர் பீகார் தொழிலாளியானாலும் நம் சொந்தக்காரரானாலும் கேள்விகள் ஒன்றாகவே இருக்கட்டும்.

இப்போதைய வீட்டுக்காரரிடம் மட்டும் விசாரித்தால் போதாது. தொல்லை தீர்ந்தால் சரி என்று அவர் நல்லவிதமாகச் சொல்லிவிடக்கூடும். அதற்கு முன் குடியிருந்த வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். ஆதார் நகல் வாங்கும்போது, முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட நகலே போதும். குடித்தனக்காரர் விவரம் கேட்டு 2012இல் சென்னைக் காவல்துறை உத்தரவிட்டதுண்டு. இப்போதைய நடைமுறையை உங்கள் காவல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படிவம் கொடுத்தால் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாய்ப்பேச்சு போதாது, எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இதற்கு அரசு இணையதளம் இருக்கிறது. பதினோரு மாத ஒப்பந்தம்தானே என்று விட்டுவிடாதீர்கள். வாடகை பாக்கி வைத்தார் என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் சட்டம் இடம் தரவில்லை.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் மனக்கசப்பு அதிகம். பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். புதிய சட்டம் சொல்லும் அளவோ மூன்று மாத வாடகை. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால்தான் அதற்கு மேல் வாங்கலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் நம்மிடம் உள்ள அமானிதம். மகளின் நிக்காஹ்வுக்கோ மாடிப் பூச்சுக்கோ அதைச் செலவழித்துவிட்டால், "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்று இழுத்தடிக்க நேரும். காலி செய்தவரோ புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வழியின்றித் தவிப்பார். ஆகவே அதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

இனி செல்லப்பிராணிகள். நம் பகுதியில் நாய், பூனை மட்டுமா? மொட்டைமாடியில் புறாக்கூண்டு, வாசலில் கோழி, பெருநாளுக்கு முன் ஆடு என எல்லாம் உண்டு. குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மையாக முடிவெடுத்தாலும் செல்லப்பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. தனி வீட்டுச் சொந்தக்காரர் ஒப்பந்தத்தில் நிபந்தனை எழுதுவது வேறு விஷயம். அமெரிக்காவில் மாதாமாதம் பிராணிக்கென்றே வாடகை வாங்கும் வழக்கம் உண்டு. இங்கிலாந்திலோ 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், வாடகை தவிரப் பிராணிக்கெனத் தனிக் கட்டணம் வாங்க முடியாது.

நாம் சொல்வது இதுதான்: பிராணிக்கென்று கட்டணம் வேண்டாம், சேதம் ஏற்பட்டால் அதற்கு மட்டும் வாங்குங்கள். வாடகை 8,000, அட்வான்ஸ் 24,000 என்று வையுங்கள். பூனை கிழித்த கொசுவலைக் கதவுக்கு 1,200, கறைபட்ட சுவருக்குப் பெயிண்ட் 3,000 ஆனால், பில்லைக் காட்டிக் கழித்து 19,800 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். பூனை ஒன்றும் கெடுக்கவில்லையா? முழுத் தொகையும் அவருடைய ஹக்.

எத்தனை பிராணிகள், மாடியைக் கழுவுவது யார், தடுப்பூசி போட்டாயிற்றா, நாய்க்கு மாநகராட்சி உரிமம் உண்டா என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சாவி கொடுக்கும் அன்றே சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் இருவருமாகப் பார்த்து, செல்போனில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கறை எது, புதிய கறை எது என்ற வாக்குவாதம் பிறகு வராது.

ஒப்பந்தம் எழுதவோ பதிவு செய்யவோ உதவி வேண்டுவோர், சாவியைக் கொடுப்பதற்கு முன்பே நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். சண்டை முற்றியபின் வருவதைவிட அது இரு குடும்பங்களுக்கும் நல்லது.