33 ஆண்டுகளில் எழும்பிய இடையன்குடி ஆலயம்



தூத்துக்குடியிலிருந்து முத்துக்குளித்துறை வழியாகத் தெற்கே போனால், திருச்செந்தூரைத் தாண்டிச் செம்மணல் தேரியும் பனங்காடுமாக நிலம் நீள்கிறது. அப்படிப்பட்ட மணற்காட்டில், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயம். பனையேறிப் பிழைத்த மக்கள் ஓலைக்குடிசைகளில் வாழ்ந்த ஊரில் இத்தகைய ஆலயம் எழும்பியது எப்படி?

இதைக் கட்டியவர் கால்டுவெல் ஐயர். 1814ல் அயர்லாந்தில், ஸ்காட்லாந்து வழிவந்த பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்தவர். அந்தச் சபையாரின் ஆலயங்களில் அலங்காரம் குறைவு. வசனம் சொல்லும் பிரசங்க பீடமே பிரதானம். பின்னர் அவர் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, 1841ல் இடையன்குடிக்கு வந்தார். எனவே இங்கே எழுந்தது, கண்ணை நற்கருணைப் பீடத்தை நோக்கி இழுக்கும் கோதிக் பாணி ஆலயம்.

கோதிக் பாணியின் அடையாளம் கூர்முனை வளைவு. அரைவட்ட வளைவு தன் பாரத்தால் இருபுறச் சுவர்களையும் வெளியே தள்ளும். கூர்முனை வளைவில் அந்தத் தள்ளுதல் குறைவு. பாரத்தில் பெரும்பங்கு நேராகக் கீழே இறங்கும். மிச்சத் தள்ளுதலை வெளியே கட்டும் முட்டுச்சுவர்கள் தாங்கிக்கொள்ளும். ஆகவே சுவரை உயர்த்தலாம், சன்னல்களை நீளமாக வைக்கலாம். வெயில் காயும் நம் ஊரில் உயரமும் காற்றோட்டமும் எத்தனை ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஊர்க் கொத்தனார்கள் அத்தகைய சன்னலைக் கண்டதே இல்லை. காகிதத்தில் வரைந்த படம் அவர்களுக்கு விளங்கவில்லை. ஐயர் களிமண்ணைப் பிசைந்து சன்னல் வேலைப்பாட்டின் மாதிரிகளைத் தாமே செய்து காட்டினார். அதைப் பார்த்து அவர்கள் வேலை செய்தார்கள். வெளியூர்க் கைகளை மட்டும் நம்பாமல், உள்ளூர்க் கைகளைப் பழக்கி எடுத்த கட்டடம் இது.

1847ல் தொடங்கிய பணி, 1880 ஜூலை 6ஆம் நாள் பிரதிஷ்டையோடுதான் நிறைவு பெற்றது. ஆலயம் முடியட்டும், மற்றது பிறகு என்று ஊழியம் காத்திருக்கவில்லை. அந்த 33 ஆண்டுகளிலேயே பள்ளிகள் நடந்தன. எலைசா அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூல் வெளிவந்தது. அதே மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஸ்டிராக்கன் 1870ல் நாசரேத்தில் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். இடையன்குடி ஆலயம் பிரதிஷ்டையாக அப்போது இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன.

நோயாளி வாசலில் நிற்கும்போது கட்டடத்துக்கு ஏன் பணம் என்று நம் அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கட்டடமும் வேண்டும், அதற்காக ஊழியம் நிற்கவும் கூடாது என்பதே இடையன்குடி தரும் பதில். சுவர் மெல்ல எழும்பலாம். வியாதியஸ்தர் காத்திருக்க முடியாது.

கால்டுவெல் ஐயர் 1891ல் கொடைக்கானலில் மரித்தார். அவருடைய சரீரம் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. தாம் தொடங்கிய வேலையின் முடிவைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை. முடிவைக் காணாமலே கொடுக்கும் உங்கள் ஒவ்வொருவருக்காகவும் கர்த்தரைத் துதிக்கிறோம்.