தலைக்கவசமும் புழுக்கமும்

என்பீல்டு இந்தியா கம்பெனி 1955-ஆம் ஆண்டில் தோன்றித் திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்தது. அன்று அபூர்வமாயிருந்த மோட்டார் சைக்கிள் இன்று விவசாயிகளின் வீட்டு வாசலிலும் நிற்கிறது. மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து எண்ணூர் வழியாகச் சென்னை செல்வோர், துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகளுக்கிடையேதான் பிரயாணம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆயினும் பலர் தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின்மீது வைத்தே ஓட்டுகின்றனர். கேட்டால், புழுக்கம் தாங்கவில்லை என்பர். அது பொய்யன்று, சித்திரை வெயிலில் நானும் அனுபவித்ததே.

வெளி ஓடு மட்டும் தலையைக் காப்பதில்லை. உள்ளேயுள்ள கெட்டியான தெர்மோகோல் அடுக்கு தான் நசுங்கி அடியின் வேகத்தை ஏற்கிறது. ஆகவே ஒருமுறை பலத்த அடிபட்ட கவசம், பார்வைக்கு நன்றாயிருப்பினும் உதவாது. வாங்கும்போது வாரைப் பூட்டித் தலையை அசைத்துப் பாருங்கள். கவசம் தனியே சுழலலாகாது. காற்றுத் துவாரங்களும், கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணியும் இருப்பின் புழுக்கம் குறையும். ஐ.எஸ். 4151 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை அவசியம். முத்திரையற்றதை விற்பது 2021 ஜூன் முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

தோல் சட்டை நம் கடற்கரை வெக்கைக்கு ஒவ்வாது. தோளிலும் முழங்கையிலும் பட்டை வைத்த வலைத்துணிச் சட்டை நன்று. இயலாதவர் தடித்த முழுக்கைச் சட்டை அணிந்து, செருப்பை விடுத்துப் பாதம் மூடும் காலணியேனும் அணியலாம்.

பின்னால் அமரும் மனைவிக்கும் கவசம் வேண்டுமென்பதே சட்டம். இரண்டாவது கவசத்தை அவருடைய தலைக்கே அளவு பார்த்து வாங்குங்கள்.