கீறலில் ஊறும் கறுப்பு: போர்விமான மாடலுக்கு வயதேறுவது எப்படி?

எண்ணூரில் வவ்வால் மீன் வறுக்கத் தெரிந்தவருக்குப் பிளாஸ்டிக் போர்விமானத்தைக் கட்டி, அதைப் பறந்து களைத்ததாகக் காட்டும் வேலை பாதி தெரிந்த மாதிரிதான். கழுவுவது, கீறுவது, தடவுவது, ஊறவிடுவது, வழிப்பது. வரிசை மாறினால் இரண்டுமே கெடும்.

எந்த விமானம்? நம் பக்கத்துக்கென்றே ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் செங்குன்றம் ஏரியில் இருந்தது. அதன் கேட்டலினா பறக்கும் படகுகள் ஏரித் தண்ணீரிலிருந்தே எழும்பி, வங்கக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடிப் போயின. இறக்கையின் நீளம் 104 அடி. 1/72 அளவில் அது 44 சென்டிமீட்டர். ஆறடி ஆள் ஓர் அங்குலம்.

கிட்டில் வரும் பாகங்களின் மேல், அச்சிலிருந்து சுலபமாகக் கழலத் தடவிய வழவழப்பு ஒட்டியிருக்கும். மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்க்காவிட்டால் மசாலா பிடிக்காது. இங்கே சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. காயவிட்டு ஒட்டுங்கள், மூட்டு இடைவெளியில் புட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடியுங்கள். அடுத்து அக்ரிலிக் நிறம், அதன்மேல் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள். சின்னத்தில் கவனம் வேண்டும். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடக் கூடாதென்று, இந்தப் போர்முனையில் பிரிட்டிஷ் வட்டத்தின் நடுச் சிவப்பையே எடுத்துவிட்டார்கள்.

இனிதான் அழுக்கு. தகடுகள் சேரும் இடங்களில் மெல்லிய கோடுகள் ஏற்கெனவே அச்சில் கீறியிருக்கும். கரும்பழுப்பு எனாமலைத் தின்னரில் தண்ணீர்போலக் கரைத்து, தூரிகை நுனியால் கோட்டைத் தொட்டால் போதும். தானாகவே கோடு நெடுக ஓடும். மீனின் கீறலுக்குள் மசாலா இறங்குவதும் இப்படித்தான். சற்று ஊறவிட்டு, மேலே நிற்பதைப் பஞ்சால் வழித்தெடுங்கள். கறுப்பு கோட்டுக்குள் மட்டும் தங்கும். பளபளப்பு வார்னிஷ் இல்லாமல் செய்தால் சொரசொரப்பான பரப்பெங்கும் கறை படரும். எனாமல் தின்னர் காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது என்பதால்தான் இந்த வரிசை.

எவ்வளவு அழுக்கு, எங்கே? எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் கரையேற்றிய படகுகளைப் பாருங்கள். ஆணித்தலையிலிருந்து துருக்கறை நேராகக் கீழே வழியும். பறக்கும் விமானத்தில் எண்ணெயும் புகையும் காற்றோடு பின்னால் இழுபடும். கேட்டலினா படகும் விமானமும் சேர்ந்தது. அதனால் அடிவயிற்றில் தண்ணீர் மட்டக் கோடும் கீழ்நோக்கிய வழிசலும், இறக்கை மேல் இரண்டு எஞ்சினுக்கும் பின்னால் நீண்ட புகைக்கரியும் வேண்டும். செங்குன்றம் நல்ல தண்ணீர் ஏரி. கடலில் கிடந்த படகுபோலச் சிப்பி ஒட்டியதாகக் காட்டுவது பொருந்தாது.

பலர் சறுக்கும் இடம் செந்துரு. உடல் அலுமினியம், அது செந்துருப் பிடிக்காது, வெளுத்து மங்கும். பெயின்ட் உதிர்ந்த இடத்தில் வெள்ளித் தகடுதான் தெரியும். அதுவும் எல்லா இடத்திலும் அல்ல: இறக்கையின் பின்பகுதியும் வால் சுக்கான்களும் துணி போர்த்தியவை. அங்கே உலோகச் சிராய்ப்பு காட்டினால் அது பொய்.

கடைசியாக மங்கல் வார்னிஷ். கடற்காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் பால்போல் வெளுத்துவிடும். மழை விட்ட மறுநாளே அடிக்காதீர்கள். அடித்த கையோடு ஒரு டப்பாவால் மூடுங்கள், எண்ணூர்க் காற்றின் நிலக்கரித் தூசு ஈரப் பெயின்டில் உடனே உட்காரும். தின்னர் தீப்பற்றக்கூடியது. அடுப்பு எரியும் இடத்தில் வேண்டாம்; ஜன்னலைத் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.