பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் கிளாஸ்ரூம்: பி.வி.தோஷி இரண்டையும் எப்படிச் சேர்த்தார்?

மணிரத்னத்தின் ‘ஓ காதல் கண்மணி’ பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பாரிஸ் போகும் கனவோடு இருக்கும் ஆர்க்கிடெக்ட் தாரா, அதாவது நித்யா மேனன், நடுவில் அகமதாபாத் போவார். அந்தப் பகுதியில் ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் வந்து போவார். யாரோ துணை நடிகர் என்று நினைத்துக் கடந்து போனவர்களே அதிகம். அவர் நடிக்கவே இல்லை, அவராகவே வந்தார். பெயர் பாலகிருஷ்ண விட்டல்தாஸ் தோஷி.

படம் வந்தது 2015-ல். மூன்றே வருடத்தில், கட்டடக்கலையின் நோபல் என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதை வாங்கிய முதல் இந்தியர். அப்போது அவருக்கு வயது 90. பரிசை அறிவித்தவர்கள் அவரை ஆர்க்கிடெக்ட் என்று மட்டும் சொல்லவில்லை, ஆசிரியர் என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

அந்த இரண்டாவது வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. சொந்த ஆபீஸ் நடத்திக்கொண்டே பாடமும் நடத்த முடியுமா? முடியும் என்றால், எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்? ஐ.டி., டிசைன், சட்டம் என்று எந்தத் துறையில் இருந்தாலும், ‘வாரத்துல ரெண்டு கிளாஸ் எடுக்கலாமா’ என்று ஒரு முறையாவது யோசித்தவர்களுக்கு தோஷியின் கதை சுவாரஸ்யமாக இருக்கும்.

சம்பளம் இல்லாத எட்டு மாதம்

1927-ல் புனேவில், ஃபர்னிச்சர் தொழில் செய்யும் கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவர். சுதந்திரம் கிடைத்த 1947-ல் மும்பை ஜே.ஜே. கல்லூரியில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தார். அங்கே படிப்பை முடிக்கவில்லை. லண்டன் போனார். 1951-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சர்வதேச கட்டடக்கலை மாநாட்டில்தான் திருப்பம். சண்டிகர் நகரத்தை வடிவமைக்கும் லெ கார்பூசியேவின் ஆபீஸில் சேர வழி பிறந்தது. ஆபீஸ் இருந்தது பாரிஸில். தோஷிக்கு பிரெஞ்சு தெரியாது. முதல் எட்டு மாதம் சம்பளமும் கிடையாது.

இந்த எட்டு மாதக் கதையைக் கேட்டதும் ‘ஆஹா, என்ன அர்ப்பணிப்பு’ என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பெரிய ஆர்க்கிடெக்ட்டிடம் கற்றுக்கொள்ள சும்மா உழைக்கலாம் என்ற இந்த நினைப்பில்தான் இன்றைக்கும் பல ஆபீஸ்கள் இன்டர்ன்களைக் காசில்லாமல் ராத்திரி பகலாக உட்கார வைக்கின்றன. தோஷிக்கு அது பலித்தது என்பதற்காக எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

1954-ல் இந்தியா திரும்பினார். அகமதாபாத்தில் கார்பூசியே வடிவமைத்த கட்டடங்களைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. நூல் ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடம், ஷோதன் வீடு, சாராபாய் வீடு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பாரிஸில் பென்சிலால் போட்ட கோடு, குஜராத் வெயிலில் கொத்தனார் கையில் என்னவாகிறது என்பதை சைட்டில் நின்று பார்த்தார். 1956-ல் இரண்டு ஆர்க்கிடெக்ட்களைச் சேர்த்துக்கொண்டு ‘வாஸ்துஷில்பா’ என்று சொந்த ஆபீஸ் தொடங்கினார்.

ஆபீஸுக்கு ஆறு வயது, அதற்குள் ஒரு கல்லூரி

1962 தோஷிக்கு முக்கியமான வருடம். அகமதாபாத் கல்விச் சங்கத்தின் ஆதரவோடு கட்டடக்கலைப் பள்ளி ஒன்று தொடங்குகிறது. நிறுவன இயக்குநர் தோஷி. வயது 35. சொந்த ஆபீஸ் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளிதான் வளர்ந்து, 1972-ல் திட்டமிடல் பள்ளியையும் சேர்த்துக்கொண்டு, இன்றைய செப்ட் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. அகமதாபாத்தில் ஐ.ஐ.எம். கட்ட வேண்டும். விக்ரம் சாராபாய், கஸ்தூர்பாய் லால்பாய் போன்றவர்கள் பின்னால் நிற்கும் திட்டம். வேலை தோஷியைத் தேடி வந்தது. இளம் ஆபீஸுக்கு இதைவிடப் பெரிய கிளையன்ட் கிடைப்பாரா? தோஷி என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த லூயி கான் இதைச் செய்தால் நன்றாக இருக்கும் என்று கைகாட்டினார். தான் துணையாக இருந்து பார்த்துக்கொண்டார்.

பிசினஸ் கண்ணால் பார்த்தால் இது கையில் வந்த லட்டைத் தூக்கிக் கொடுத்த கதை. ஆசிரியர் கண்ணால் பார்த்தால் கணக்கே வேறு. லூயி கான் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர், உலகம் முழுக்க மாணவர்கள் தேடிப் போன ஆசிரியர். ஐ.ஐ.எம். வேலைக்காக அவர் அகமதாபாத் வந்து போனபோதெல்லாம், புதிதாகத் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு ஒரு உலக ஆசான் பக்கத்திலேயே இருந்தார். செங்கல் வளைவுகள் ஒவ்வொன்றாக எழும்புவதை மாணவர்கள் போய்ப் பார்க்கலாம். தன் ஆபீஸுக்கு வந்த வேலையைக் கொடுத்து, தன் பள்ளிக்கு ஒரு பாடப்புத்தகத்தை வாங்கினார் தோஷி என்றுகூடச் சொல்லலாம்.

லூயி கானும் இரட்டைக் குதிரையில் சவாரி செய்தவர்தான். அவர் முடிவு சோகமானது. 1974 மார்ச் 17, அகமதாபாத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில், நியூயார்க் பென் ஸ்டேஷனில் மாரடைப்பால் இறந்தார். அவர் ஆபீஸ் அப்போது லட்சக்கணக்கான டாலர் கடனில் மூழ்கிக் கிடந்தது. இரண்டு வேலையும் செய்தால் ஒன்று மற்றொன்றைத் தாங்கிப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால், இந்தக் கதையையும் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

கதவே பாடம் நடத்தினால்?

பள்ளிக்கான கட்டடத்தை வடிவமைத்தது தோஷியே. 1960-களின் பிற்பகுதியில் கட்டி முடித்தார்கள். செங்கலும் கான்கிரீட்டும், பூச்சு வேலை இல்லாமல். கீழ்த்தளம் பெரும்பாலும் திறந்தவெளி. மேலே ஸ்டூடியோக்கள், ஒன்றிலிருந்து இன்னொன்று தெரிகிற மாதிரி வெவ்வேறு மட்டங்களில். வெளிச்சம் முக்கியமாக வடக்கிலிருந்து வருகிறது.

வடக்கு ஏன்? நம் நாடு இருக்கும் இடத்தில் சூரியன் பெரும்பாலும் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தே போகிறது. அதனால் வடக்குப் பக்க ஜன்னலில் நேரடி வெயில் அதிகம் விழாது. காலையிலிருந்து மாலை வரை ஒரே சீரான வெளிச்சம். டிராயிங் ஷீட்டில் நிழல் நகர்ந்துகொண்டே இருக்காது, கண்ணும் கூசாது. கம்ப்யூட்டர் வராத காலத்தில் நாள் முழுக்கக் குனிந்து வரைந்த மாணவர்களுக்கு இது சொகுசு இல்லை, அடிப்படைத் தேவை.

மூடிய வகுப்பறைகளும் கதவுகளும் குறைவாக இருக்கட்டும் என்பது தோஷியின் பிடிவாதம். ஒரு ஸ்டூடியோவில் நடக்கும் ‘ஜூரி’யை வேறு வருட மாணவர் நின்று கேட்டுவிட்டுப் போகலாம். ஜூரி என்றால் என்ன என்று ஆர்க்கிடெக்சர் படிக்கிற நண்பரிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்! ராத்திரி முழுக்க விழித்து வரைந்ததைச் சுவரில் மாட்டிவிட்டு, ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட்களும் கிழிகிழி என்று கிழிப்பதை நின்று கேட்பதுதான் ஜூரி. சைட்டில் கை அழுக்கான ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கேள்வியே மாறிவிடும். ‘இந்த வளைவு அழகா இருக்கு’ என்பதோடு நிற்காது. ‘இதுக்கு சென்ட்ரிங் எப்படி அடிப்பே, மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகும்’ என்று வரும்.

தோஷி இந்தப் பாடத்தைத் தன் ஆபீஸுக்குத் திருப்பி எடுத்துப் போனதற்கு நல்ல உதாரணம் ஐ.ஐ.எம். பெங்களூரு. 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரை நீண்ட வேலை. ‘3 இடியட்ஸ்’ படத்தில் வரும் காலேஜ் இதுதான். படத்தில் கவனித்திருந்தால் தெரியும், வகுப்பறைகளைவிட நடைபாதைகளே கண்ணில் நிற்கும். உள்ளூர்க் கருங்கல் சுவர், அகலமான வராந்தா, மேலே சில இடத்தில் கூரை, சில இடத்தில் கொடி படரும் பந்தல், சில இடத்தில் வெறும் வானம். ஃபதேபூர் சிக்ரியும் நம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலும் தன் மனதில் இருந்ததாக தோஷி சொல்லியிருக்கிறார். மதுரைக் கோயிலுக்குள் போனவர்களுக்கு இது உடனே புரியும். சந்நிதிக்குள் நிற்பது சில நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் பிராகாரத்தில் நடப்பதும், தூணில் சாய்ந்து உட்காருவதும், பேசுவதும். வகுப்பு முடிந்து வெளியே வந்து பேசும்போதுதான் பாதிப் பாடம் மண்டையில் ஏறுகிறது என்பதைப் பல வருடம் மாணவர்களோடு இருந்த ஒருவர் கவனிக்காமல் இருப்பாரா?

ஆபீஸே பள்ளியானது

1972-ல் கட்டடக்கலைப் பள்ளி இயக்குநர் பொறுப்பிலிருந்தும், 1979-ல் திட்டமிடல் பள்ளிப் பொறுப்பிலிருந்தும், 1981-ல் டீன் பதவியிலிருந்தும் தோஷி விலகினார். அதே காலத்தில்தான் அவருடைய புது ஆபீஸ் ‘சங்காத்’ எழுந்தது. சேர்ந்து நடப்பது என்று அர்த்தம். பாதி மண்ணுக்குள் இறங்கிய கட்டடம். மேலே நீளமான வளைவுக் கூரைகள், அதன் மீது உடைந்த வெள்ளை ஓட்டுச் சில்லுகள் பதித்திருக்கும். நம் மொட்டை மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டுகிறோமே, அதே லாஜிக். வெயிலைத் திருப்பி அனுப்பும். வெளியே படிக்கட்டு அரங்கம் ஒன்று. ஒரு ஆபீஸுக்கு எதற்குப் படிக்கட்டு அரங்கம்? அங்கே உட்கார்ந்து பேச்சு கேட்க. 1978-ல் தொடங்கிய அவருடைய ஆராய்ச்சி அமைப்பும் அதே வளாகத்தில்தான். பதவி போனாலும் வாத்தியார் வேலை போகவில்லை, இடம் மாறிக்கொண்டது.

அந்த ஆராய்ச்சி வெறும் பேப்பராக நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. இந்தூரில் ஏழைகளுக்கான குடியிருப்பு கட்டும் திட்டம் வந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தோஷியின் அமைப்பு இந்தூர்க் குடிசைப் பகுதிகளுக்குப் போய் அளவெடுத்தது. வாசல்படியில் என்ன நடக்கிறது, திண்ணையை யார் எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள், தெரு எந்த இடத்தில் அகலமாகிறது, கடை எங்கே முளைக்கிறது, மரத்தடி யாருக்கு. ஒரு ஆபீஸ் தன் கிளையன்ட்டிடம் பில் போட முடியாத வேலை இது. பல்கலைக்கழகம் மாதிரி யோசிக்கிற ஒருவரால்தான் இதற்கு நேரம் ஒதுக்க முடியும்.

அதிலிருந்து பிறந்தது ‘அரண்யா’. சுமார் 6,500 குடியிருப்புகள், 80,000 பேருக்கு மேல் வாழும் இடம். மிகச்சிறிய மனை சுமார் 35 சதுர மீட்டர், அதாவது 380 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதில் முழு வீட்டையும் கட்டித் தரவில்லை. அஸ்திவாரம், கழிப்பறை, தண்ணீர், ஒரு சின்ன ஆரம்பம். மிச்சத்தைக் காசு சேரச் சேர குடும்பமே கட்டிக்கொள்ளலாம். எப்படிக் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளை மட்டும் தோஷியின் ஆபீஸ் வடிவமைத்தது. வகுப்பறைக்குப் பழகியவர்களுக்கு இந்த முறை தெரிந்ததுதான்: ஒரு கணக்கை போர்டில் போட்டுக் காட்டிவிட்டு, மிச்சத்தை நீயே போடு என்பது. 1995-ல் அரண்யாவுக்கு ஆகா கான் விருது கிடைத்தது.

எல்லோராலும் முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், தோஷிக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்காது. அகமதாபாத்தில் கலையிலும் கல்வியிலும் காசு போட்ட ஆலை முதலாளிகள் இருந்தார்கள். கார்பூசியே, கான் என்று இரண்டு ஜாம்பவான்கள் அதே ஊரில் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுப் பள்ளி என்பதால் விதிகளை எழுதும் இடத்திலேயே அவர் இருந்தார். இன்று ஒரு தனியார் கல்லூரியில் சேரும் இளம் ஆர்க்கிடெக்ட்டுக்கு அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க், ஆய்வுக் குழு வரும்போது காட்ட வேண்டிய ஃபைல்கள் என்று நாள் ஓடிவிடும். ஆபீஸ் பக்கம் போனால் கிளையன்ட்டின் போன் விடாது.

இன்னொரு விலையும் உண்டு. சுமார் எழுபது வருடத்தில் தோஷி செய்த வேலைகள் நூறு சொச்சம்தான். இன்றைய பெரிய ஆபீஸ்களின் கணக்குக்கு இது ரொம்பக் குறைவு.

ஆனாலும் அந்த வழக்கம் அகமதாபாத்தில் அறுந்துவிடவில்லை. லூயி கானின் ஃபிலடெல்ஃபியா ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு வந்த அனந்த் ராஜே, ஐ.ஐ.எம். வளாக வேலையைத் தொடர்ந்துகொண்டே தோஷியின் பள்ளியில் பாடமும் நடத்தினார். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த பிமல் படேல் அதே பள்ளியில் படித்தவர். பிறகு, 2012-ல், சொந்த ஆபீஸைக் கைவிடாமலே அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரானவர். அவருடைய வேலைகள் மீது கடுமையான விமர்சனங்களும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

2023 ஜனவரி 24 அன்று தோஷி அகமதாபாத்தில் காலமானார். வயது 95. மறுநாள் மாலை வெளியான பத்ம விருதுப் பட்டியலில் பத்ம விபூஷண் வரிசையில் அவர் பெயர் இருந்தது.

அரண்யாவில் அந்த 80 மாதிரி வீடுகளைத் தாண்டி மற்றதெல்லாம் அங்கே குடியிருப்பவர்கள் கட்டியவை. மேல்மாடி, வெளிப்படிக்கட்டு, பளிச் பெயின்ட், கீழே ஒரு கடை என்று வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டே இருக்கின்றன.