உழைத்த உடம்புக்கு ஆற்றோரச் சைக்கிள்



“விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றதிலிருந்து குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறோம். எங்களுக்குப் போய் உடற்பயிற்சியா? அதெல்லாம் ஆபீசில் உட்கார்ந்திருக்கிற கிராணிமாருக்குச் சொல்லுங்கள்” என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி உழைக்கிற நம்மவர்களுக்கும்தானே இரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் நெஞ்சு வலியும் வருகின்றன? அது ஏன், அதற்கு என்ன செய்யலாம் என்று இந்த முறை பார்ப்போம்.

வேலை வேறு, பயிற்சி வேறு

டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் பகுதியைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 2021-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இருதய நோய் குறைவாக வந்தது. வேலையில் உடம்பை வருத்தியவர்களுக்கோ அது குறையவில்லை, கூடவே செய்தது.

காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. நம் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காண்டாவில் பால் வாளியைத் தூக்கும்போதும், அண்ணாந்து பார்த்து நீண்ட கம்பால் செம்பனைக் குலையை அறுக்கும்போதும், ஒரே தசை இறுகி நிற்கிறது. மூச்சை அடக்கித் தூக்குகிறோம். இரத்த அழுத்தம் ஏறி, மணிக்கணக்கில் இறங்காமல் இருக்கிறது. களைத்தாலும் நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது, கணக்கு முடிய வேண்டும். மறுநாளும் அதே வேலைதான். உடம்பு தேறுவதற்கு இடைவெளி இல்லை.

நல்ல பயிற்சி இதற்கு நேர் மாறானது. கையும் காலும் சீராக அசையும். இருதயம் கொஞ்ச நேரம் வேகமாக ஓடி, பிறகு இளைப்பாறும். வேகம் நம் கையில் இருக்கும். வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் இப்படிப்பட்ட மிதமான அசைவு பெரியவர்களுக்கு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. மிதமானது என்றால் என்ன? பக்கத்தில் வருகிறவரோடு பேச முடியும், பாட்டுப் பாட முடியாது. அவ்வளவுதான் அளவு.

ஏன் சைக்கிள்? ஏன் தண்ணீர் ஓரம்?

நாள் முழுக்க நின்ற முழங்காலுக்கு ஓட்டமும் குதிப்பும் ஆகாது. சைக்கிளில் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியை ஆசனம் தாங்கிக்கொள்கிறது. முழங்கால் பாரம் சுமக்காமல் மடங்கி நீள்கிறது. தொடைத் தசை பெரிய தசை. அது வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள சீனியை இழுத்துச் செலவழிக்கிறது. அந்த நன்மை இறங்கிய பிறகும் பல மணி நேரம் நீடிக்கும்.

ஆனால் மேடு வந்தால் கதை வேறு. ஏற்றத்தில் நின்று மிதித்தால் முழங்காலும் இருதயமும் திடீரென்று திணறும். பெரிய சாலையில் போனாலோ லோரிப் புகையை உறிஞ்ச வேண்டும், எப்போது எது இடிக்குமோ என்று பயப்பட வேண்டும். ஆகவே சமதரையாக, வண்டி ஓடாத பாதையாக இருக்க வேண்டும். அது எங்கே கிடைக்கும்? தண்ணீர் ஓரத்தில்தான்! தண்ணீர் மேடு ஏறாது. வாய்க்கால் வெட்டுகிறவன் மட்டம் பார்த்துத்தான் வெட்டியாக வேண்டும். அதன் கரையும் அதே மட்டத்தில் போகும்.

297 கிலோமீட்டர், ஒரு கார் கூடக் கிடையாது

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. தலைநகர் வாஷிங்டனில் இருந்து கம்பர்லாந்து என்ற மலைப்பக்கத்து ஊர் வரை, பொட்டோமேக் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி ஒரு பழைய வாய்க்கால் போகிறது. செசபீக் – ஒஹாயோ வாய்க்கால் என்று பெயர். அதன் கரைப் பாதை 297 கிலோமீட்டர் நீளம். மோட்டார் வண்டிகள் அதில் ஓடக்கூடாது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான் போகிறார்கள்.

இத்தனை தூரத்தில் மொத்த ஏற்றம் சுமார் 605 அடி. அதுவும் ஒரேயடியாக வராது. படகை மேலே தூக்குவதற்கென்று கதவு போட்ட 74 கல் தொட்டிகளைக் கட்டியிருக்கிறார்கள். தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் படகு சுமார் எட்டடி மேலே வரும், வடித்தால் கீழே இறங்கும். பாதையும் அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் மட்டும் சற்று ஏறுகிறது. மற்ற இடமெல்லாம் மட்டம்தான். பா பா என்ற இடத்தில் மலையைக் குடைந்து 3,118 அடி நீளத்துக்குச் சுரங்கம் உண்டு. அங்கே எல்லாரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று மிதித்தால் ஆறு நாளில் முடித்துவிடலாம். கூடாரம் அடித்துத் தங்கவும் வழியில் இடங்கள் இருக்கின்றன.

அந்தக் கரையைப் போட்டது யார்?

நம்மைப் போன்ற கூலித் தொழிலாளர்கள்தான். 1828-இல் வேலை ஆரம்பித்து, 1850-இல் கம்பர்லாந்தை எட்டியது. அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த ஏழைகள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக அதை வெட்டினார்கள். 1832-இல் அவர்களுடைய குடிசைகளில் காலரா புகுந்து பலரைக் கொண்டுபோனது. 1834-இல் வேலையும் கூலியும் காரணமாகக் கலவரம் மூண்டபோது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ராணுவத்தை அனுப்பினார். அமெரிக்காவில் தொழிலாளர் தகராறுக்கு மத்திய அரசு ராணுவத்தை இறக்கியது அதுவே முதல் தடவை.

வாய்க்கால் ஓடிய காலத்தில் நூறு டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றிய படகுகளைக் கோவேறு கழுதைகள் இந்தக் கரையில் நடந்து இழுத்தன. படகுக்காரரின் பிள்ளைகள் அவற்றை ஓட்டிக்கொண்டு மைல் கணக்கில் நடந்தார்கள். இன்றைக்குச் சைக்கிள் பாதையாக இருப்பது அன்று அந்தப் பிள்ளைகள் நடந்த பாதைதான். நம் ஊர் லயத்துப் பிள்ளைகள் அம்மாவோடு வெட்டுக்காட்டுக்குப் போய் மங்கு துடைத்த கதை நமக்குத் தெரியாததா!

1924-இல் வெள்ளம் அடித்துப் படகு ஓட்டம் நின்றது. பிறகு வாய்க்கால் கரையில் கார் சாலை போடும் திட்டம் வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதை எதிர்த்தார். ‘சாலையை ஆதரிக்கும் பத்திரிகைக்காரர்களே, என்னோடு நடந்து பாருங்கள்’ என்று அழைத்து, 1954 மார்ச் மாதம் முழுத் தூரத்தையும் நடந்தார். பலர் கூட வந்தார்கள். கடைசிவரை நடந்து முடித்தவர்கள் 9 பேர். அந்த நடை ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது. சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-இல் வாய்க்கால் முழுவதும் தேசியப் பூங்காவானது. பாதை தானாகக் கிடைக்கவில்லை பாருங்கள், கேட்டு வாங்கினார்கள்.

நமக்கு எப்படி?

நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. சிங்கப்பூரில் பூங்காக்களை இணைக்கும் பாதைகள் 300 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. பல இடங்களில் அவை கால்வாய் ஓரமாகவே போகின்றன. அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள் விடுமுறை நாளில் பயன்படுத்தலாம். தோட்டத்தில் இருப்பவர்கள் லோரியும் டிராக்டரும் ஓடாத நாள் பார்த்து, ஆற்றோரமோ வாய்க்கால் கரையோ, மட்டமான உள்பாதையோ தேடிக்கொள்ளுங்கள். பழைய சைக்கிள் போதும். சமதரைக்கு அது தாராளம்.

கவனிக்க வேண்டியவை:

1. ஆசனத்தின் உயரம் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஆசனம் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும்.

2. முதல் வாரம் 15 நிமிடம் போதும். வாரா வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வேலையில் களைத்த அன்று விட்டுவிடுங்கள்.

3. வெயில் ஏறுவதற்கு முன் கிளம்புங்கள். தண்ணீர் போத்தல் கையோடு இருக்கட்டும். தலைக்கவசம் அவசியம்.

4. இனிப்பு நீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போகாதீர்கள், பசியாறிவிட்டுப் போங்கள். சட்டைப் பையில் மிட்டாய் வையுங்கள். கை நடுங்கி வேர்த்துக் கொட்டினால் உடனே இறங்கிச் சாப்பிடுங்கள்.

5. ஆற்று நீரிலும் வாய்க்கால் நீரிலும் முகம் கழுவாதீர்கள், காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக் காய்ச்சல் வரும். அது உயிரையே கொல்லக்கூடியது.

6. நெஞ்சு இறுகினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். ‘காற்றுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்கனவே இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே ஆரம்பிக்க வேண்டும்.

7. பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமாக ஓட்ட விடாதீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. இதற்கெல்லாம் நேரம் வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உங்கள் உரிமை. சம்பளத்தோடு ஆண்டு விடுப்பும் உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்து ஆண்டுக்கு மேல் 16 நாள். அதை வீணாக்காதீர்கள். கொடுக்க மறுத்தால் சங்கத்தில் வந்து சொல்லுங்கள். ஓய்வு நாளில் மேலதிக வேலைக்கே ஓடிக்கொண்டிருந்தால், சம்பாதித்த காசு கடைசியில் மருந்துக்குப் போய்விடும்.

வருகிற ஓய்வு நாளில் மூலையில் கிடக்கும் சைக்கிளைத் துடைத்துக் காற்றடியுங்கள். வீட்டுக்காரம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். பேசிக்கொண்டே மெல்ல மிதியுங்கள். உழைத்த உடம்புக்கு அது நாம் கட்ட வேண்டிய கடன்.