ஆறு பேர் ஏற எந்த வண்டி? பழைய இன்னோவாவா, புது எர்டிகாவா?

தாத்தா, பாட்டி, புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். ஆக ஆறு பேர். திருப்பதி போகணும், குலதெய்வம் கோவிலுக்குப் போகணும். இருக்கிற காரில் இடம் இல்லை! சென்னையில் இப்படித் தவிக்கும் குடும்பங்கள் ஏராளம். ஷோரூமில் புது எர்டிகா வாங்குவதா? ஓடிய இன்னோவா போதுமா?

2005-ல் வந்த முதல் இன்னோவா, இரும்புச் சட்டத்தின் மேல் பாடி ஏற்றிய வண்டி. டீசல் எஞ்சின் லேசில் மடங்காது. அதனால்தான் டாக்சிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். வில்லங்கமும் அங்கேதான்!

மீட்டரை நம்பாதீர்!

மஞ்சள் போர்டில் லட்சக்கணக்கில் கிலோ மீட்டர் ஓடிய வண்டி, வெள்ளை போர்டுக்கு மாறி, பாலிஷ் போட்டு பளபளவென்று நிற்கும். "டாக்டர் ஓட்டின வண்டி சார், ஒரே கை!" என்பார் புரோக்கர். மீட்டரைத் திருப்ப வெகுநேரம் ஆகாது. பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, மீட்டர் மட்டும் 60 ஆயிரம் காட்டுகிறதா? நடையைக் கட்டுங்கள். முதலில் டாக்சியாகப் பதிவானதா, கடன் பாக்கி உண்டா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரியுங்கள்.

2010-ல் பதிவான வண்டிக்கு 15 வருஷக் கெடு முடிந்துவிட்டது. தகுதிச் சோதனை, ஆர்.சி. புதுப்பிப்பு என்று அலையணும். 2016-ல் வந்த கிரிஸ்டா என்றால் அந்தத் தொல்லை இப்போதைக்கு இல்லை. ஆனால் விலை எகிறும். கிட்டத்தட்ட அதே பணத்துக்குப் புது எர்டிகாவே கிடைக்கும்!

எர்டிகா 2012-ல் வந்தது. பழசாக வாங்கினால் 2018 நவம்பருக்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறையைத் தேடுங்கள். நீளமும் அகலமும் கூடுதல். அதற்கு முந்தியதில் கடைசி வரிசை பிள்ளைகளுக்குத்தான் லாயக்கு.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆறு பேரையும் ஏற்றிப் பாருங்கள். பாட்டி ஏற முடிகிறதா? பின்னால் பெட்டி வைக்க இடம் மிச்சம் இருக்கிறதா?